கீழே வலைக்கடை, மேலே வீடு: எங்கள் இடத்தின் நில உபயோகத்தை மாற்றிய அனுபவம்

ராமநாதபுரம் கடற்கரையில் வீடும் கடையும் என்றைக்குமே ஒட்டித்தான் இருந்திருக்கின்றன. முன்னறையில் வலை, நைலான் கயிறு, தூண்டில் விற்பார்கள். பின்கட்டில் உலை கொதிக்கும். எங்கள் தாத்தா கட்டிய வீடும் அப்படித்தான். ஆனால் எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுத்திருக்கும் முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் எங்கள் தெரு மொத்தமும் வெறும் குடியிருப்பு. பழைய மீன் சந்தைப் பகுதியைச் சீரமைத்து, மீன் இறங்குதளத்துக்குப் போகிற ரோட்டையும் அகலப்படுத்திய பிறகு, கீழே கடைகளும் மேலே வீடுமாகக் கட்டலாம் என்று குடும்பத்தில் முடிவு செய்தோம். அதற்கு இடத்தைக் கலப்புக் குடியிருப்பாக மாற்ற வேண்டும். இதே வேலையில் இறங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நில உபயோக மாற்றம் வேறு, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. ஒன்று கையில் இருப்பதால் மற்றது தானாக வந்துவிடாது. கடலை ஒட்டி இடம் வைத்திருப்பவர்கள் கடலோர விதியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அது பொருந்தும். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட நகர்ப்பகுதி என்றால், இருக்கிற ரோட்டுக்கோ அங்கீகாரம் பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகக் கட்டலாம், கடல்பக்கம் கூடாது. ஊரகப் பகுதிகளில் மத்திய அரசின் 2011 கடலோர மண்டல அறிவிக்கை 200 மீட்டர் வரை கட்டுமானத்தைத் தடுத்தது. சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் இடங்களுக்கு 2019 அறிவிக்கை அதை 50 மீட்டராகக் குறைத்தது, அதுவும் புதிய கடலோர மண்டல வரைபடம் ஒப்புதலான பிறகுதான் நடைமுறைக்கு வரும். 1:4000 அளவு கடலோர மண்டல வரைபடத்தில் எங்கள் சர்வே எண் ரோட்டுக்கு நிலப்பக்கம் இருப்பதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் கையிலிருந்து காசு எடுத்தோம்.

அடுத்தது காகிதங்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், மனையின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படம். பத்திரத்தில் இருந்த பரப்பும் பதிவேட்டில் இருந்த பரப்பும் ஒத்துப்போகவில்லை. சரி, அளந்தே தீர வேண்டும் என்று சர்வேயருக்கு மனு கொடுத்தோம். மூன்று மூலைக் கல் தெரிந்தது, மேற்கு மூலையில் ஒன்றையும் காணோம். கடப்பாரையால் குத்திக் குத்திப் பார்த்தோம். மணல், சிப்பி, பழைய மதிற்சுவரிலிருந்து உதிர்ந்த பவளக்கல், அதற்கும் கீழே கல்லின் தலை. சங்கிலியைப் பிடித்து அளந்ததும் வித்தியாசம் எங்கே வந்தது என்று தெரிந்துவிட்டது. பதிவேட்டைத் திருத்தி வாங்கிக்கொண்டு அப்புறம்தான் மனுவுக்குப் போனோம்.

மனு, 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் போகிறது. அதோடு வைக்கிற காகிதங்களில் எனக்கு முக்கியமாகப் பட்டது, சுற்றுப்புற வரைபடம். நம் இடத்தைச் சுற்றி ஒவ்வொரு மனையிலும் இப்போது என்ன நடக்கிறது என்று அதில் குறித்துக் காட்ட வேண்டும். எங்கள் பொறியாளர் தம்பி தெருத்தெருவாக நடந்து ஐஸ் கம்பெனி, எஞ்சின் பட்டறை, டீக்கடை, வலை பின்னும் கொட்டகை என்று ஒன்றையும் விடாமல் குறித்தார். தெரு ஏற்கெனவே கலப்பாகத்தான் இருக்கிறது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ரோட்டின் அகலத்தையும் அதிலேயே எழுதிவிடுங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் வந்தது. நாளிதழில் அறிவிப்புப் போட்டு ஆட்சேபணை கேட்டார்கள். இந்தக் கட்டத்தைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியதில்லை. எங்களுக்கு வந்தது ஒரே ஆட்சேபணை, பக்கத்து வீட்டு ஆத்தாவிடமிருந்து. அவர் முற்றத்தில் பாய் விரித்து நெத்திலியும் காரலும் காயவைத்து விற்கிறவர். நேரில் போய்க் கேட்டேன்.

"நீ கடை கட்டு, மாடி கட்டு, நான் வேண்டாம்னு சொல்லலப்பா. கெழக்கால சொவரு எழும்புச்சுன்னா காலை வெயில் எம்பாய்க்கு வருமா? வெயில் இல்லாம கருவாடு புழுத்துப்போகும்."

நியாயமான கேள்வி. அவருக்குப் பிழைப்பே அந்த வெயில்தான். வாகனம் நிறுத்தும் திறந்தவெளியை ரோட்டோரத்தில் வைக்க நினைத்திருந்தோம். அதை அவர் முற்றத்தை ஒட்டிக் கொண்டுபோனோம். கட்டடம் அந்த அளவுக்குத் தள்ளிப்போனது, கடை ஒன்று குறைந்தது. திருத்திய வரைபடத்தைப் பார்த்துவிட்டு, ஆட்சேபணையை விலக்கிக்கொள்வதாக மருமகனை எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தையும் கோப்பில் சேர்த்தோம். பக்கத்து மனைக்காரர்களிடம் மனு போடுவதற்கு முன்பே பேசிவிட்டால் இன்னும் நல்லது.

அதற்குப் பிறகு ஓர் அலுவலகத்தில் கோப்பு அசையவே இல்லை. கேட்கும்போதெல்லாம் "மேலே போயிருக்கு" என்ற பதில்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கோப்பு எந்த மேசையில், எந்தக் குறிப்போடு இருக்கிறது என்று மட்டும் கேட்டோம். 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டிய சட்டம் அது. தீர்மான நகலில் உட்பிரிவு எண் விடுபட்டிருக்கிறது என்று பதில் வந்தது. எண்ணைச் சேர்த்துத் திருத்திய நகல் போனதும் கோப்பு சென்னைக்கு நகர்ந்தது, ஒருவழியாக அரசிதழில் அறிவிக்கையும் வந்தது.

இனி கடலோர மண்டல அனுமதி. அதற்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவில் விண்ணப்பம் வைத்திருக்கிறோம். அது வந்த பிறகு 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி வரைபட அனுமதி. அரசிதழ் கைக்கு வந்ததும் ஊர்ப் பெயர், வார்டு, சர்வே எண், உட்பிரிவு எல்லாவற்றையும் பட்டாவோடு வைத்து எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். அடுத்த இரண்டு அனுமதிகளுக்கும் அந்த எண்களைத்தான் பார்ப்பார்கள்.