நாலடி பத்து அங்குலத்துக்கு ஒரு பலகை

ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் குடியேறுகிறவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், கடலைப் பற்றிக் கொஞ்சமாவது கற்றுக்கொண்டே தீர வேண்டும். சிவப்பும் மஞ்சளுமான கொடிகளுக்கு நடுவில்தான் குளிக்க வேண்டும், அலைச்சறுக்குப் பலகையோடு வருகிறவர்கள் அந்தக் கொடிகளுக்கு வெளியே ஒதுங்கிவிட வேண்டும், அலை உடையாமல் சாதுவாகத் தெரிகிற இடத்தில்தான் உள்ளிழுக்கும் நீரோட்டம் ஒளிந்திருக்கும் என்பதெல்லாம் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். நாற்பதை நெருங்கும் வயதில் சிட்னியின் வடக்குக் கடற்கரைப் பகுதிக்கு வந்து சேர்ந்த நான், அந்தப் பாடத்தைப் படித்துவிட்டு அலைச்சறுக்கும் பழகலாம் என்று துணிந்தபோது, எனக்கு ஏற்பட்ட முதல் தகராறு பலகையோடுதான். என் உயரம் 4 அடி 10 அங்குலம். எடை 44 கிலோ.

பயிற்சி தருகிறவர்கள் கையில் கொடுப்பது மெத்தென்ற மேற்புறம் கொண்ட எட்டடிப் பலகை. அதன் அகலம் 22 அங்குலத்துக்கு மேல் இருப்பதால் என் அக்குளுக்கும் விரல் நுனிக்கும் இடையில் அது அடங்காது. தலையில் வைத்துத்தான் சுமக்க வேண்டும், காற்றடித்தால் பலகை போகிற திசையில் நானும் போக வேண்டும். தண்ணீரிலும் அதே கதைதான். அறுபது லிட்டருக்கு மேல் கொள்ளளவு, அதாவது மொத்தப் பருமன், உள்ள அந்தப் பலகைக்கு நான் மேலே நிற்பதே தெரியாது. திருப்புவதற்காக ஒரு பக்கமாகச் சாய்ந்தால், சாய்வது நான் மட்டுமாக இருக்கும். கடைகளில் சிறிய உடம்புக்காரர்களுக்கென்று இருப்பவையோ, பெரும்பாலும் போட்டிக்குத் தயாராகும் சிறுவர்களுக்காகச் செய்யப்பட்டவை: மெல்லியவை, மூக்கும் வாலும் தூக்கியவை, தினமும் கடலில் கிடக்கிற உடம்புக்கு ஏற்றவை. சிறிய உடம்பும் புதிய பழக்கமும் ஒருவரிடமே சேர்ந்திருக்கும் என்று அவற்றைச் செய்தவர்கள் நினைத்ததாகத் தெரியவில்லை.

தன் உடம்புக்கு ஏற்ற பலகையைத் தானே செதுக்கிக்கொள்வது இந்தக் கரைக்குப் புதிதன்று. 1914ஆம் ஆண்டின் இறுதியில் ஹவாயிலிருந்து வந்த டியூக் கஹானமோகு, இங்கே கிடைத்த சுகர் பைன் மரத்தில் தனக்கொரு பலகை செதுக்கி ஃபிரெஷ்வாட்டர் கடற்கரையில் அலையேறிக் காட்டினார்; அந்தக் கோடையிலேயே அவரோடு ஒரே பலகையில் நின்று அலையேறிய இசபெல் லெத்தம் என்ற பெண்ணுக்கு அப்போது வயது 15. எனக்கு அதைவிடப் பொருத்தமாகப்பட்டது இதே வடக்குக் கரையிலுள்ள நாரபீனைச் சேர்ந்த அலைச்சறுக்கு வீரர் சைமன் ஆண்டர்சனின் கதை. ஆறடிக்கு மேல் உயரமும் அதற்கேற்ற கனமும் கொண்ட அவருக்கு, அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த இரண்டு ஃபின் (வாலுக்கு அடியில் மீன் துடுப்புபோல் நிற்கும் தகடு) பலகைகள் பெரிய அலையில் பிடி கொடுக்காமல் வழுக்கின. 1980இல் மூன்று ஃபின்கள் வைத்த பலகையைத் தானே செய்து, 1981இல் பெல்ஸ் கடற்கரைப் போட்டியை அதிலேயே வென்றார். இன்று கடையில் இருக்கும் பெரும்பாலான குட்டைப் பலகைகள் மூன்று ஃபின் கொண்டவைதாம். ஒரு பெரிய உடம்பு தன் வசதிக்காகச் செய்துகொண்டதை உலகமே எடுத்துக்கொள்ளுமானால், ஒரு சிறிய உடம்பு தனக்கு மட்டுமாவது ஒன்று செய்துகொள்வதில் தவறிருக்க முடியாது.

எங்கள் பகுதியில் ஓய்வுபெற்றவர்கள் நடத்தும் பொதுப் பட்டறை ஒன்று உண்டு, பெண்களும் சேரலாம். நாற்காலிக்குக் கால் ஒட்டவும் பறவைக் கூண்டு அடிக்கவும் கூடுகிற அந்த இடத்தில், இளமையில் பலகை செதுக்கியே பிழைத்த ஒரு பெரியவர் இருந்தார். எழுபதைத் தாண்டியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. பெயர் சொல்லாவிட்டால் அவர் திரும்பியே பார்ப்பதில்லை. பெயர் சொல்லத் தொடங்கிய பிறகு பேச்சு எளிதாயிற்று. அவர் செய்த முதல் காரியம், என்னைத் தரையில் பலகை மேல் நிற்பதுபோல் நிற்கச் சொல்லி, இரு பாதங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டது.

மற்றவர்கள் உடனே சொல்கிற யோசனை, பெரிய பலகையை அப்படியே சுருக்கிவிடலாம் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அதன் குறை தெரிந்துவிடும். 75 கிலோ எடையுள்ள ஒருவர் பழகுவதற்கு 7 அடி 6 அங்குல நீளம், 21.5 அங்குல அகலம், 2.75 அங்குலத் தடிமன் உள்ள பலகை பொருந்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 47 லிட்டர். என் எடை அவருடையதில் அறுபது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு என்பதால், எனக்கு 28 லிட்டர் வரும். கொள்ளளவு மூன்று அளவுகளின் பெருக்கத்தைப் பொறுத்தது. ஆகவே மூன்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கும்போது ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் குறையும்: 6 அடி 3 அங்குலம், 18 அங்குலம், 2.3 அங்குலம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 18 அங்குல அகலத்தில், புதிதாகப் பழகுகிறவர் எழுந்து நிற்பதற்குள் பலகை புரண்டுவிடும். மேலும், ஏறுகிறவரின் எடையைப் பார்த்து அலை தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதில்லை. அந்த வேகத்தை எட்டப் பலகையில் படுத்து, கைகளையே துடுப்பாக்கி நீரை வலிக்க வேண்டும்; குட்டைக் கைகளால் வலிக்கும்போது ஒவ்வொரு முறையும் தள்ளப்படும் நீர் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டுவதற்குப் பலகையின் நீளமும் அடிப்புறப் பரப்பும்தான் உதவ வேண்டும். எதைச் சுருக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்பதில்தான் வேலையே இருக்கிறது.

நாங்கள் முடிவு செய்தது 6 அடி 4 அங்குல நீளம், 20 அங்குல அகலம், நடுவில் 2 3/8 அங்குலத் தடிமன். கொள்ளளவு ஏறத்தாழ 31 லிட்டர். மெட்ரிக் முறைக்கு மாறி அரை நூற்றாண்டு ஆன பிறகும் இந்த நாடு பலகையை அடியிலும் அங்குலத்திலும் அளக்கிறது, கொள்ளளவை மட்டும் லிட்டரில் சொல்கிறது. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. அகலம் 20 அங்குலமாக இருந்தாலும், மிக அகன்ற இடத்தை நடுப்புள்ளிக்கு ஓர் அங்குலம் பின்னே தள்ளினோம். படுத்து வலிக்கும்போது என் தோள் வருகிற இடம் இதனால் ஒடுங்கியது. முழங்கை விளிம்பில் உரசாமல் கை நேராக நீரில் இறங்குகிறது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உயரம் குறைந்தவர் நிற்கும்போது பாதங்களுக்கு இடையிலுள்ள தூரமும் குறைவு. பின்கால் ஃபின்களுக்கு மேலே நின்றால், முன்கால் மற்றவர்களுக்கு வருகிற இடத்துக்கு எட்டாது. சாக்பீஸ் குறி அதற்காகத்தான். அடிப்புற வளைவின் தட்டையான பகுதியும், குழிவின் ஆழமும் என் பாதங்களுக்குக் கீழே விழுமாறு எல்லாவற்றையும் சற்றுப் பின்னே நகர்த்த வேண்டியிருந்தது.

ஆனால் சிறிய உடம்புக்கு மிக முக்கியமானது விளிம்புதான் என்பது என் துணிபு. தொழிலில் இருக்கிறவர்கள் அதை ரெயில் என்பார்கள். திரும்புவது என்றால் ஒரு பக்க ரெயிலை நீருக்குள் அழுத்துவது. நீருக்குள் போகிற பகுதியின் பருமன் அளவுக்கு நீரை விலக்க வேண்டும். 75 கிலோக்காரர் அலட்சியமாக அழுத்திவிடும் பருத்த ரெயில், 44 கிலோவுக்கு அசைந்து கொடுக்காது. மொத்தக் கொள்ளளவைக் குறைத்து இதைச் சரிசெய்யப் போனால் வலிக்கும் வேகம் போய்விடும். ஆகவே தடிமனை நடுத்தண்டில் (பலகையின் நடுவே நெடுகிலும் ஓடும் மரப்பட்டை) அப்படியே வைத்து, மேற்புறத்தை முதுகுபோல் வளைத்து, இரு பக்கமும் மெல்லியதாக இறக்கினோம். வாலையும் ஒடுக்கினோம்: நுனியிலிருந்து ஓர் அடி தள்ளி அளந்தால் 13.5 அங்குலம். ஃபின்களைச் சுற்றி அடிப்புறத்தை லேசாக முகடாக விட்டதால், ஒரு ரெயிலிலிருந்து மறு ரெயிலுக்குப் புரள அதிக பலம் தேவைப்படாது.

பலகையைச் செதுக்குவதற்கான நுரைக்கட்டையைத் தேர்ந்தெடுத்தபோது, எடை குறைந்த ஈபிஎஸ் (தெர்மோகோல் வகை) நுரைதான் எடை குறைந்தவருக்கு ஏற்றது என்று பலரும் சொன்னார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. காற்றால் கலங்கிய நீரில் இலேசான பலகையும் இலேசான ஆளும் சேர்ந்தால் இருவரும் தக்கைபோலத் துள்ளுவார்கள்; சற்றுக் கனம் இருந்தால்தான் பலகை சிற்றலைகளை அறுத்துக்கொண்டு போகும். பாலியூரித்தேன் நுரை இழைப்புக்கும் சுத்தமாக இணங்கும், மணிமணியாகப் பிய்ந்து வராது. பெரியவரும் அதைத்தான் விரும்பினார், ஆனால் வேறு காரணம் சொன்னார்: ஐம்பதாண்டுப் பழக்கம்.

செதுக்கும் வேலையில் என்னை வியக்க வைத்தது விளக்கு. கூரை விளக்கை அணைத்துவிட்டு, பலகையின் இரு பக்கமும் ஏறத்தாழ அதே உயரத்தில் டியூப் லைட்டுகளைக் கிடையாகப் பொருத்தினார். பின்சுவருக்குக் கருநீலம் பூசியிருந்தது. ஒளி பக்கவாட்டில் விழும்போது, விரலுக்குத் தட்டுப்படாத மேடும் பள்ளமும் நிழலாக எழுந்து நிற்கும். ஹார்ட்போர்டில் பாதி உருவத்தை மட்டும் வெட்டி, நடுத்தண்டின் ஒரு பக்கம் வைத்துக் கோடிழுத்து, புரட்டி மறுபக்கம் கோடிழுத்தோம். முழு உருவத்தை வெட்டினால் இரு பக்கமும் ஒருபோதும் ஒத்துப்போகாது. கோட்டுக்கு வெளியே வாளால் அறுத்து, மின் இழைப்பானால் தோலைச் சீவி, அரைக்கால் அங்குலம் அரைக்கால் அங்குலமாகத் தடிமனைக் குறைத்தோம். நடுத்தண்டு மரம் என்பதால் நுரையைவிட மெதுவாகத் தேயும். அதைச் சிறிய இழைப்புளியால் தனியே சீவாவிட்டால் பலகை நெடுகிலும் முதுகெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும்.

ரெயிலை நேரடியாக உருட்டக் கூடாது. மேற்புறத்தில் விளிம்பிலிருந்து சற்று உள்ளே ஒரு கோடும், பக்கவாட்டில் ஒரு கோடும் போட்டு, இரண்டுக்கும் இடையே தட்டையாக ஒரு பட்டை சீவ வேண்டும். பிறகு அதன் மேல் இன்னொரு பட்டை. பட்டைகள் விளக்கொளியில் கூர்மையான வரிகளாகத் தெரியும். இரு பக்க வரிகளும் ஒரே வளைவில் ஓடினால், ரெயிலும் ஒத்திருக்கும் என்று நம்பலாம். அதன் பிறகுதான் சல்லடைத் துணியைப் போன்ற தேய்ப்பு வலையை இரு கையாலும் பிடித்து, மூக்கிலிருந்து வால்வரை நிற்காமல் நடந்துகொண்டே இழுப்பது. பெரியவர் நடந்தபோது வரிகள் கரைந்து மறைந்தன. என் கை எட்டாத இடங்களுக்கு நான் பெட்டி போட்டு ஏற வேண்டியிருந்ததால், மறுநாள் பலகையை வைத்திருந்த தாங்கிகளின் கால்களையே அறுத்துக் குட்டையாக்கிவிட்டார்.

கண்ணாடி இழை ஒட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அடியில் ஓர் அடுக்கு, மேலே இரண்டு அடுக்கு, நான்கு அவுன்ஸ் துணி. நாற்றம் குறைவு என்பதால் எபாக்ஸி ரெசின் எடுத்தோம். முகமூடி அப்போதும் அவசியம். கலந்த ரெசினை வாளியிலேயே விட்டுவைத்தால் தானே சூடேறிக் கெட்டியாகிவிடும் என்பதால், உடனே பலகை மேல் ஊற்றிப் பரப்ப வேண்டும். வெப்பம் இறங்குகிற மாலை நேரத்தில் செய்தால் நுரையிலிருந்து காற்றுக் குமிழ்கள் மேலே வராது.

ஃபின்களிலும் உடம்பின் கணக்கு உண்டு. நடுத்தர அளவு ஃபின் எனக்கு ஆணி அடித்ததுபோல் பலகையை நேராகவே ஓட்டியது. மிகச் சிறிய அளவுக்கு மாற்றியதும் பின்காலை அழுத்தினால் வால் திரும்புகிறது. காலில் கட்டும் கயிறும் மெல்லியதாக இருந்தால் போதும். பலகை இப்போது என் அக்குளில் அடங்குகிறது. இடுப்பளவு அலையில் சாய்ந்தால் ரெயில் நீருக்குள் போகிறது.

பட்டறைக்கு வருகிற ஒருவருடைய பேத்திக்கு இப்போது ஒரு பலகை வேண்டுமாம். பன்னிரண்டு வயது, 36 கிலோ. நீளத்தை 5 அடி 8 அங்குலத்துக்கு இறக்கிவிடலாம் என்கிறார் பெரியவர், பிள்ளை எப்படியும் வளர்ந்துவிடும் என்பது அவர் வாதம். என் ஹார்ட்போர்டு டெம்ப்ளேட்டின் நடுவில் நான்கு அங்குலத்தை மட்டும் நீக்கி, மூக்கின் வளைவையும் வாலின் வளைவையும் அப்படியே வைத்து, அகலத்தில் முக்கால் அங்குலமும் தடிமனில் கால் அங்குலமும் குறைத்தால் ஏறத்தாழ 25 லிட்டர் வரும், ஆறடி நீளமும் தங்கும் என்கிறேன் நான். நுரைக்கட்டை வந்துவிட்டது, இன்னும் கோடு போடவில்லை.