வைஃபை வந்த பிறகுதான் டெஸ்க்டாப்

4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். இந்த மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளம் போட உட்கார்ந்தபோது என் யோசனை முழுக்க, திரையின் தோற்றத்தையும் மெனுக்களையும் தரும் டெஸ்க்டாப்பாக க்னோமா, கேடிஈ பிளாஸ்மாவா, எக்ஸ்எஃப்சிஈயா என்பதில்தான் இருந்தது. கடைசியில் க்னோம் போட்டேன். நிறுவி முடித்து மேல் மூலையைப் பார்த்தால் வைஃபை குறியே இல்லை.

டெர்மினலில் எல்எஸ்பிசிஐ கட்டளையை 'கே' விருப்பத்தோடு ஓட்டினேன். ஒவ்வொரு சாதனத்துக்கும் கீழே, அதை இயக்கும் டிரைவரின் பெயரை அது காட்டும். கிராஃபிக்ஸுக்கு இருந்தது, ஒலிக்கு இருந்தது. வைஃபை சில்லுக்குக் கீழே மட்டும் அந்த வரி இல்லை. அதன் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வருவதில்லை, தனியாக இறக்கி நிறுவ வேண்டும். இணையம் இல்லாமல் எப்படி இறக்குவது? கைபேசியை யுஎஸ்பி கேபிளில் செருகி அதன் இணையத்தைக் கணினிக்குப் பகிரும் டெதரிங்கை இயக்கினேன், உடனே இணைப்பு வந்துவிட்டது. புதிதாக லினக்ஸ் போடுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த வழியைத்தான்.

டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். கணினி மறுபடி தொடங்கும்போது நீலத் திரை ஒன்று வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி 10 விநாடி எண்ணியது. ஏதோ பழுது என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். திரை மறைந்தது, வைஃபை வரவில்லை. மாட்ப்ரோப் கட்டளை கொண்டு டிரைவரை ஏற்றப் பார்த்தால், சாவி நிராகரிக்கப்பட்டது என்றது.

அப்புறம்தான் புரிந்தது. நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு வசதிதான் செக்யூர் பூட். அது இயங்கும்போது, பதிவு செய்யாத டிஜிட்டல் சாவியால் கையொப்பமிட்ட டிரைவரைக் கெர்னல் ஏற்காது. சாவியைப் பதிவு செய்யும் இடமே அந்த நீலத் திரைதான். செக்யூர் பூட்டை அணைத்துவிடு என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மோக்யூடில் கட்டளையால் சாவியை மறுபடி பதிவுக்கு அனுப்பி, இந்த முறை நீலத் திரையில் 'என்ரோல் எம்ஓகே' (சாவியைப் பதிவு செய்) என்பதைத் தேர்ந்து கடவுச்சொல்லைக் கொடுத்தேன். வைஃபை குறி வந்தது. அதைப் பார்த்த நிம்மதி சொல்லி மாளாது.

டெஸ்க்டாப் விஷயம் அதைவிட எளிதாக முடிந்தது. உலாவியில் நாலைந்து தாவல்கள் திறந்ததும் நினைவகம் நிரம்பி, ஹார்ட் டிஸ்க் கரகரவென ஓடி, க்னோம் திணறியது. எக்ஸ்எஃப்சிஈயையும் கூடவே நிறுவி, உள்நுழையும் திரையில் இருக்கும் பல்சக்கரக் குறியைச் சொடுக்கி மாற்றிக்கொண்டேன். எதையும் அழிக்க வேண்டியிருக்கவில்லை. டச்பேடில் மூன்று விரலால் தள்ளிப் பணிவெளி மாறுவது போய்விட்டது, அது இன்னும் குறையாகத்தான் இருக்கிறது. ஆனால் கணினி திணறுவது நன்றாகக் குறைந்துவிட்டது, அதனால் எக்ஸ்எஃப்சிஈயிலேயே இருக்கிறேன்.

இப்போதெல்லாம் வேறு கணினியில் லினக்ஸ் போடும் முன் நிறுவாமலே ஓட்டிப் பார்க்க உதவும் லைவ் யுஎஸ்பியில் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கிறேன். வைஃபை, புளூடூத், மைக், அப்புறம் மூடியை மூடித் திறந்தால் தூக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா என்பது. எந்த டெஸ்க்டாப் என்ற பேச்சை அதற்குப் பிறகுதான் எடுக்கிறேன்.