அலஸ்தோட்டத்துக் கூரையில் ஐந்தரை கிலோவாற்

2022 மார்ச் கடைசியில் இலங்கையில், எங்கள் திருகோணமலை அலஸ்தோட்டத்திலும், ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லை. அம்மாவுக்கு இன்சுலின் ஏற்றுகிறோம். திறக்காத குப்பிகளைக் குளிரில்தான் வைத்திருக்க வேண்டும். மண்சட்டியில் ஈரத்துணி சுற்றி அதற்குள் வைத்துவிட்டு, இரவில் எழும்பி எழும்பிச் சட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கூரையில் சோலர் போடுவதென்று அந்த இரவுகளில்தான் முடிவெடுத்தேன். போட்டு முடிக்க 2024 ஒக்டோபர் ஆகிவிட்டது.

முதல் சிக்கல் எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. மின் இணைப்பு காலமான அப்பாவின் பெயரில். பெயரை மாற்றாமல் விண்ணப்பம் கொடுக்க முடியாது. மரணச் சான்றிதழ், காணி உறுதி, கிராம சேவகரின் கடிதம், தம்பிமார் இருவரின் சம்மதம் என்று சேர்த்து முடிக்கவே மாதங்கள் போயின. போடும் எண்ணம் இருக்கிறவர்கள் இதை இன்றைக்கே பாருங்கள்.

அடுத்தது ட்ரான்ஸ்போமர். ஒழுங்கைக்குக் கறண்ட் தரும் ட்ரான்ஸ்போமர் இவ்வளவு சூரிய மின்சாரத்தைத்தான் தாங்கும் என்று ஒரு கணக்கு உண்டு. அக்கம்பக்கத்தார் முந்திக்கொண்டு போட்டிருந்தால் இடம் இருக்காது. லோன் எடுத்து முற்பணமும் கட்டிய பிறகு அதைக் கேட்டு அறிந்து கவலைப்பட்டவர்களை எனக்குத் தெரியும். கறண்ட் கந்தோரில் முதல் கேள்வியாக அதைக் கேளுங்கள்.

2016 இல் அரசாங்கத்தின் கூரைச் சோலர் திட்டமான சூரியபல சங்கிராமய தொடங்கியபோது, நாட்டின் மின் வலையமைப்புக்குக் கொடுக்கும் மேலதிக யூனிட்டுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபாய், அதன்பின் 15.50 என்று இருந்தது. பிறகு விலை ஏறியது, இறங்கியது. எங்கள் ஒப்பந்தத்தில் 27 ரூபாய், 20 வருடத்துக்கு. நாங்கள் கொடுத்த யூனிட்டில் எடுத்ததைக் கழித்து, மிச்சத்துக்குக் காசு வரும்.

கூரையில் 550 வாற் பனல்கள் பத்து. திருகோணமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருப்பதால் தெற்குப் பார்த்த சிறு சாய்வு போதும். அந்தப் பக்கம் நிழல் விழுத்திய தென்னை ஒன்றைத் தறிக்க வேண்டி வந்தது. அம்மா நட்டது. அவ சம்மதிக்க ஒரு கிழமை எடுத்தது.

பூட்டிய நிறுவனம் சாதாரண இரும்பு ஆணிகளைப் போட்டிருந்தது. கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். முதல் வாடைக்காற்று முடியுமுன்னரே ஆணிகளில் துரு. எல்லாவற்றையும் கழற்றித் துருப்பிடிக்காத எஃகில் மாற்றினோம். கரையோரத்தில் இருப்பவர்கள் இதை விலைமனுவிலேயே எழுதி வாங்க வேண்டும். வாடையில் உப்பு, கச்சான் காற்றில் புழுதி, நடுவில் காகம். பனலை விடியற்காலையில் கழுவுங்கள். சூடேறிய கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் படக்கூடாது.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொன்று தாண்டி, சுட்டெரிக்கிற வெயில். நாடு முழுக்கக் கறண்ட் போனது. என் வீட்டிலும் போனது. பத்துப் பனலும் வெயிலில் கிடக்க, குளிர்சாதனப்பெட்டி நின்றுவிட்டது. பூட்டிய பெடியனுக்கு உடனே போன் எடுத்தேன். "அன்ரி, லைன்ல கறண்ட் இல்லாட்டி இன்வேர்ட்டரும் தானா நிண்டிடும். போஸ்ற்ல வேலை செய்யிற ஆக்களுக்கு அடிச்சிடும் எல்லே" என்றான். பனலின் கறண்டை வீட்டுக் கறண்டாக மாற்றும் பெட்டிதான் இன்வேர்ட்டர். காரணம் மிகச் சரியானது. ஆனால் இன்சுலினுக்காகத்தான் போடுகிறேன் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். விற்க வந்தவர் ஒருவரும் இதை வாய் திறக்கவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாணந்துறை உப மின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் வந்தது என்றார்கள். அந்த ஒரு தடங்கல் முழுத் தீவையும் இருட்டாக்கிய காரணத்தைத் தேடி வாசித்தேன். ஞாயிறு பகலில் தொழிற்சாலைகள் இல்லை, பாவனை குறைவு. கூரைகளில் இருந்து சூரிய மின்சாரம் நிறைய வருகிறது. அப்போது, அதிர்வைத் தாங்கிப் பிடிக்கிற, மின்நிலையங்களின் பாரமான சுழல் இயந்திரங்கள் கொஞ்சம்தான் ஓடும். பெரிய நாடென்றால் பக்கத்து வலையமைப்பு கை கொடுக்கும். எங்கள் தீவை அயல்நாட்டோடு இணைக்கும் கம்பி ஒன்றும் இல்லை. இதே காரணத்தால் ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறை நாட்களில், கூரைச் சோலரைப் பகல் மூன்று மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. நாங்களும் நிறுத்தினோம்.

அதற்குப் பிறகுதான், லைனில் கறண்ட் இல்லாதபோதும் பற்றரியில் இருந்து வீட்டுக்குக் கறண்ட் தரும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் ஒரு லிதியம் பற்றரியும் போட்டோம். இது புதிய செலவு, அங்கீகாரமும் திரும்ப எடுக்க வேண்டும். முதலிலேயே தெரிந்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். குளிர்சாதனப்பெட்டி, இரண்டு மின்விசிறி, மூன்று லைற் மட்டும் பற்றரியில். வீடு முழுவதையும் அதில் ஏற்ற ஆசைப்பட வேண்டாம்.

இன்னொரு தொல்லை மத்தியானத்தில் வந்தது. 230 வோல்ற் இருக்க வேண்டிய லைனில் 250 தாண்டும், இன்வேர்ட்டர் நின்றுவிடும், சில நிமிடத்தில் திரும்ப எழும்பும். நல்ல வெயில் நேரத்து உற்பத்தி இப்படியே வீணாகியது. இன்வேர்ட்டரில் இருந்து மீற்றர் வரை போட்ட வயர் மெலிசு என்று வேறொரு மின் வேலைக்காரர் கண்டுபிடித்தார். தடித்த வயர் போட்டதும் பாதி குறைந்தது. மிச்சப் பாதிக்கு நாங்களே பழக்கத்தை மாற்றினோம். கிணற்று மோட்டர், உடுப்பு மெசின், அயன், மா அரைப்பது எல்லாம் இப்போது பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில். பில்லில் இதனால் சதமும் கூடாது, குறையாது. ஆனால் வெளியே தள்ளும் மின்சாரம் குறைவதால் லைன் அமைதியாக இருக்கிறது, பக்கத்து வீட்டு இன்வேர்ட்டரும் நிற்பதில்லை.

நல்ல மாதங்களில் உற்பத்தி 600 யூனிட்டுக்கு மேல். மழை மாதத்தில் அதில் பாதியை ஒட்டி வரும்.

கொட்டியாரக்குடாவுக்கு அக்கரையில் சம்பூரில், நிலக்கரி மின்நிலையத்துக்கென்று ஒதுக்கிக் கைவிட்ட இடத்தில் இப்போது 120 மெகாவாற் சோலர் வருகிறது. 2025 ஏப்ரலில் தொடங்கி வைத்தார்கள். புகைக்குப் பதில் வெயில் என்பது எனக்கு மனநிறைவு. ஆனால் 2006 இல் யுத்தத்தால் அந்த மண்ணை விட்டு ஓடி, வருடக்கணக்காக முகாம்களில் இருந்தவர்கள் அந்த ஊர்ச் சனம். அங்கே எரியும் முதல் விளக்கு அவர்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்பேன்.

எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் இப்போது விண்ணப்பிக்கப் போகிறார்கள். ஒருவருக்கு இணைப்பு இறந்த மாமனாரின் பெயரில். திங்கட்கிழமை அவவைக் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போகிறேன், கையில் எங்கள் பழைய கோப்போடு.