புது பாய்லர், பழைய ஸ்டீம் லைன்: நெல் அவிக்கும்போது ஆவியோடு தண்ணீர் வந்தால் எங்கே பார்ப்பது

பழைய பாய்லரை எடுத்துவிட்டுப் புதிது வைத்த புழுங்கல் அரிசி மில்களில் வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நெல் அவிக்கும் தொட்டியின் அடியில் நெல் சொதசொதவென்று வெடித்துப்போகிறது. மேலே இருப்பது சரியாக வேகாமல் அரிசியின் நடுவில் வெள்ளையாக, வெள்ளை வயிற்றோடு நிற்கிறது. ஆவி போகும் குழாயில், அதாவது ஸ்டீம் லைனில், சம்மட்டி அடிப்பதுபோலச் சத்தம் வருகிறது. பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடியில் தண்ணீர் நிலைகொள்ளாமல் ஆடுகிறது. உடனே பாய்லர் கம்பெனிக்குப் போன் போகிறது. ஆனால் இத்தனைக்கும் காரணம் பெரும்பாலும் ஆவியோடு தண்ணீரும் போவதுதான். அது எங்கே சேருகிறது என்று பாய்லரிலிருந்து தொட்டி வரை வரிசையாகப் பார்த்துவந்தால் பிடித்துவிடலாம்.

பழைய லங்காஷயர், கார்னிஷ் வகை பாய்லர்களில் தண்ணீர் டன் கணக்கில் நிற்கும், மேலே ஆவிக்கும் நல்ல இடம் உண்டு. வால்வைச் சட்டென்று திறந்தாலும் தாங்கும், லைன் கோணலாக இருந்தாலும் பெரிதாகத் தெரியாது. இப்போது வரும் ஸ்மோக் டியூப் பாய்லர்களில் (நெருப்புப் புகை டியூப்களுக்குள் போய்ச் சுற்றியுள்ள தண்ணீரைச் சூடாக்கும் வகை) உமி குறைவாகச் செலவாகும், ஆவியும் சீக்கிரம் ஏறும். ஆனால் ஆவிக்கான இடம் சிறியது. இத்தனை வருடம் பழைய பாய்லர் மூடிமறைத்துவந்த குறைகள் எல்லாம் இதில் வெளியே வரும்.

முதலில் பாய்லர் தண்ணீரைப் பாருங்கள். புது டியூப்களில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய எண்ணெயும், புரி வெட்டும்போது ஒட்டிய எண்ணெயும் உள்ளேயே இருக்கும். எண்ணெய் இருந்தால் கொதிக்கும்போது நுரை கட்டும், அந்த நுரை அப்படியே லைனுக்குள் போய்விடும். சோதிப்பது எளிது. பாய்லர் ஆறிய பிறகு கேஜ் கண்ணாடியின் அடியில் தண்ணீர் வடிக்கும் குழாயில் கொஞ்சம் தண்ணீர் பிடித்து, ஒரு பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் கொதிக்க விடுங்கள். நுரை பொங்கினால் தண்ணீர் அழுக்கு.

அதற்கு மருந்து காரம் போட்டுக் கொதிக்கவைப்பது. 1000 லிட்டர் தண்ணீருக்குச் சோடா ஆஷ் சுமார் 2.5 கிலோ, டிரைசோடியம் பாஸ்பேட் சுமார் 2.5 கிலோ என்பது வழக்கமான அளவு. பாய்லரோடு வந்த புத்தகம் வேறு அளவு சொன்னால் அதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தனியாக நீரில் கரைத்த பிறகே ஊற்ற வேண்டும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். மெயின் வால்வை மூடி, சிறு தீயில் குறைந்த பிரஷரில் வைத்து, இடையிடையே ப்ளோடவுன் விட்டு (அடித் தண்ணீரில் கொஞ்சம் வெளியேற்றி), குறைந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டே வாருங்கள். மாதிரித் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் வருவது நின்றதும் நெருப்பை அணைத்து, முழுவதும் ஆறவிட்டு வடித்துக் கழுவி, மேன்ஹோல் கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றி மூடுங்கள். சூட்டோடு வடித்தால் அடியில் இருக்கும் சகதி டியூப் மேல் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது பிரஷர். பழைய லைன் தாங்காதோ என்ற பயத்தில் 10 கிலோ பிரஷர் (சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ) பாய்லரை 2 கிலோவில் ஓட்டுகிறார்கள். இது தவறு. 7 கிலோ பிரஷரில் 1 கிலோ எடையுள்ள ஆவி சுமார் 240 லிட்டர் இடம் பிடிக்கும், 2 கிலோவில் அதே ஆவி சுமார் 600 லிட்டர். அதே வாய் வழியாக இரண்டரை மடங்கு வேகத்தில் வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டுதான் போகும். பாய்லரை அதற்குரிய பிரஷரில் ஓட்டி, வெளியே வந்ததும் ஆவியிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் ஒரு ஸ்டீம் செபரேட்டரும், அதன்பின் பிரஷரைக் குறைக்கும் பிரஷர் ரெடியூசிங் வால்வும் வையுங்கள். ரெடியூசிங் வால்வுக்குப் பின்னால் லைனுக்கென்று ஒரு சேஃப்டி வால்வு இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. எல்லாத் தொட்டியையும் ஒரே நேரத்தில் திறக்காமல் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு வால்வையும் ஓரிரு நிமிடம் எடுத்து மெதுவாகத் திறந்தால் பாதித் தொல்லை அன்றைக்கே அடங்கும்.

பிறகு லைன். நம் டெல்டாக் களிமண் கோடையில் வெடித்துச் சுருங்கும், மழையில் உப்பும். லைனைத் தாங்கும் செங்கல் தூண்கள் வருடா வருடம் கொஞ்சம் நகரும், குழாய் நடுவில் தொய்ந்துவிடும். தொய்வில் நின்ற தண்ணீரை ஆவி வாரிக்கொண்டு போய் வளைவில் மோதுவதுதான் அந்தச் சம்மட்டிச் சத்தம். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும், தூணுக்குத் தூண் அளந்து பாருங்கள். ஆவி போகும் திசையில் 100-க்கு 1 சரிவு வேண்டும், அதாவது 30 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர். குழாய் அளவு மாறும் இடத்தில் நடுமையம் ஒத்த ரெடியூசர் (பெரிய குழாயையும் சிறிய குழாயையும் இணைக்கும் துண்டு) போட்டிருந்தால் அதன் முன்னால் தண்ணீர் தேங்கும். அடிப்பக்கம் தட்டையாக இருக்கும் எக்சென்ட்ரிக் ரெடியூசர்தான் போட வேண்டும். புது பாய்லரின் வாயோடு பழைய லைனை நேராக வெல்டிங் வைத்துவிடுவதும் கூடாது. 30 மீட்டர் இரும்புக் குழாய் சூடேறினால் சுமார் 5 சென்டிமீட்டர் நீளும். அந்த நீட்சியை வாங்கிக்கொள்ள லைனில் ஒரு வளைவு விடாவிட்டால், குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் ஃபிளாஞ்ச் கசிந்துகொண்டே இருக்கும்.

லைனில் 30 முதல் 50 மீட்டருக்கு ஒரு டிரிப் பாக்கெட் (தண்ணீர் விழுந்து சேரக் கீழ்நோக்கி வைக்கும் குழாய்த் துண்டு) வேண்டும், லைன் மேலேறும் ஒவ்வொரு இடத்துக்கு முன்னும் ஒன்று. 4 அங்குல லைனுக்குப் பாக்கெட்டும் 4 அங்குலமே இருக்க வேண்டும். அரை அங்குல ஓட்டையில் தண்ணீர் விழாது, ஆவியோடு தாண்டிப் போய்விடும். டிராப்புக்கு (ஆவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் கருவி) போகும் குழாயைப் பாக்கெட்டின் பக்கவாட்டில் எடுத்து, அடியை ஃபிளாஞ்ச் வைத்து மூடினால் துருவும் சேறும் அங்கே தங்கும். பாய்லர் மாற்றிய கையோடு பழைய துரு நிறைய உரிந்து வரும், டிராப்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டியை (ஸ்ட்ரெயினர்) முதல் சில வாரம் அடிக்கடி கழற்றிக் கழுவுங்கள். டிராப் தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிக் கிடந்தால் அடைப்பு, விடாமல் சீறினால் ஆவி வீணாகிறது. விட்டுவிட்டுத் துப்பினால் நன்றாக இருக்கிறது.

லைனில் அடி கேட்கும்போது யாரும் ஓடிப்போய் வால்வைத் திருகக் கூடாது. பாய்லர் பக்கத்து வால்வை மெதுவாக மூடி, லைன் ஆறி, பிரஷர் இறங்கிய பிறகே வடிகாலைத் திறக்க வேண்டும். குழாயே பிளந்து ஆள் வெந்துபோகும் விஷயம் இது.

கடைசியாக, பாய்லருக்குள் ஏற்றும் ஃபீட் தண்ணீர். புழுங்கல் மில்லில் நெல்லுக்குள் போன ஆவி திரும்பி வராது, நெல் காயவைக்கும் டிரையரின் ஆவிக் குழாயிலிருந்து (காயில்) வருவதுதான் மிச்சம். மற்றதெல்லாம் போர் தண்ணீர். பாய்லருக்குள் கரைந்த உப்பு 3500 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 3500 பங்கு) தாண்டினால் எண்ணெயே இல்லாவிட்டாலும் நுரைக்கும். ஃபீட் தண்ணீரில் 400 பிபிஎம் இருந்தால் ஆவியில் 13 சதவீத அளவு ப்ளோடவுன் போதும், 800 என்றால் சுமார் 30. நாகப்பட்டினம் கடலோரம் மாதிரி 1500 வந்துவிட்டால் 75 சதவீதம், அதைச் சூடாக்கிய உமியும் சாக்கடைக்குத்தான். தண்ணீரின் கடினத்தன்மையை நீக்கும் சாஃப்ட்னர் இதற்கு உதவாது. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும், மொத்த உப்பு குறையாது. அந்தப் பக்கத்து மில்களுக்கு ஆர்ஓ செலவு நியாயமானது. டிரையரில் ஆவி குளிர்ந்து ஆன தண்ணீரை (கண்டென்சேட்) ஃபீட் டேங்குக்குத் திருப்பினால் தண்ணீர் சூடாகி ஆக்சிஜனும் வெளியேறும். ஆனால் டேங்க் பம்புக்கு நல்ல உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூட்டுத் தண்ணீரைப் பம்ப் பிடிக்காது.

லைனை வெட்டி ஒட்டும் முன் ஒன்று. 3.5 கிலோவுக்கு மேல் ஆவி போகும் குழாய் பாய்லர் விதிகளுக்குள் வரும். சான்றிதழ் உள்ள குழாய், தகுதிச் சான்று பெற்ற வெல்டர், பாய்லர் இன்ஸ்பெக்டரின் ஒப்புதல் மூன்றும் இல்லாமல் அதில் கைவைக்க வேண்டாம்.