கொலுசுப் பட்டறைக் கணக்கை டைனமோடிபியில் ஏற்றிய அனுபவம்

சேலம் சிவதாபுரத்தில் என் மாமா கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என்றாலும் எல்லா வேலையும் ஒரே கூரைக்கடியில் நடப்பதில்லை. உருக்கிக் கம்பி இழுத்த வெள்ளி, எடை போட்டுப் பல வீடுகளுக்குப் போகும். பற்றவைப்பது ஒரு வீடு, சலங்கை கோப்பது ஒரு வீடு, மெருகு போடுவது இன்னொரு வீடு. கைமாறும் ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதுவார்கள்: கொடுத்த எடை, திரும்பி வந்த எடை, சேதாரம், கூலி. ஒத்துக்கொண்ட அளவைத் தாண்டிய சேதாரம், வேலை செய்தவரின் கூலியில்தான் கழியும். அதனால் அந்த நோட்டில் ஒரு வரி காணாமல் போனால், போவது ஒருவருடைய சம்பளம்.

"நோட்டு நனையுது, கிழியுது. போன்லயே போடற மாதிரி ஏதாச்சும் பண்ணிக் குடு கண்ணு" என்று மாமா கேட்டார். எனக்குப் பைத்தான் நிரல்மொழி தெரியும். தரவுத்தளத்துக்கு, அமேசான் தன் சர்வர்களில் நடத்தும் டைனமோடிபியை எடுத்துக்கொண்டேன். இந்த அளவு வேலைக்கு வழக்கமான எஸ்கியூஎல் தரவுத்தளமே போதும் என்பவர்கள் உண்டு, அதில் தவறில்லை. ஆனால் சர்வரைப் பார்த்துக்கொள்ளப் பட்டறையில் ஆள் கிடையாது. மாமா கேட்கும் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான்: இந்த ஆள் இந்த மாதம் எவ்வளவு எடுத்துப் போயிருக்கிறார்? அந்தக் கேள்விக்கு டைனமோடிபி நன்றாகப் பொருந்தும்.

அமேசானில் கணக்குத் தொடங்குவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தரவு இருக்கும் இடமாக மும்பை ரீஜன், பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் கட்டணம் என்ற ஆன்-டிமாண்ட் முறை, அவ்வளவுதான். யோசிக்க வேண்டியது கீ, அதாவது ஒவ்வொரு பதிவையும் (டைனமோடிபியில் அதற்கு ஐட்டம் என்று பெயர்) அடையாளம் காட்டும் சாவி. அதில் இரண்டு பகுதி: யாருடைய பதிவு என்று பிரிப்பது பார்ட்டிஷன் கீ, அதற்குள் வரிசைப்படுத்துவது சார்ட் கீ. டேபிள் உருவாக்கும்போது பார்ட்டிஷன் கீ, சார்ட் கீ இரண்டின் பெயரையும் வகையையும் சொன்னால் போதும். எடை, டச் (வெள்ளியின் தூய்மை), கூலி எதையும் முன்கூட்டி அறிவிக்க வேண்டாம். வேலையாளின் எண்ணைப் பார்ட்டிஷன் கீயாக வைத்தேன். சார்ட் கீயில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதி, அதன் பின்னால் சீட்டு எண்ணைச் சேர்த்தேன். நாம் நோட்டில் எழுதும் பழக்கப்படி நாளை முதலில் போட்டால், சார்ட் கீ எழுத்து வரிசையில் அடுக்கப்படுவதால் எல்லா மாதத்து 5ஆம் தேதிகளும் ஒன்றாக வந்து நிற்கும்.

தேதி மட்டும் ஏன் போதாது என்பதை விளக்கியே ஆகவேண்டும். பதிவை எழுதும் புட் ஐட்டம் என்ற அழைப்புக்கு 'சேர்' என்று மட்டும் அர்த்தமில்லை. அதே கீயில் ஏற்கெனவே ஒரு ஐட்டம் இருந்தால், அது முழுதாகப் போய்ப் புதியது வந்து உட்காரும். பிழைச் செய்தி எதுவும் வராது. வெற்றி என்றே பதில் வரும். காலையில் 500 கிராம் வாங்கிப் போனவர் மாலையில் இன்னும் 200 கிராம் வாங்கினால், தேதியை மட்டும் நம்பிய டேபிளில் 200 மட்டும்தான் மிஞ்சும். டைனமோடிபி லோக்கல் என்று ஒன்று உண்டு, நம் கணினியிலேயே ஜாவாவில் ஓடும், கட்டணம் கிடையாது. அதில் இதைச் செய்து பார்த்தால் ஐந்து நிமிடத்தில் புரியும். புதிதாகக் கற்பவர்கள் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள் என்பேன்.

தீர்வு, ஒவ்வொரு புட்டோடும் ஒரு நிபந்தனையை அனுப்புவது. அட்ரிபியூட் நாட் எக்ஸிஸ்ட்ஸ் என்ற ஃபங்ஷனில் கீயின் பெயரைக் கொடுத்தால், அந்தக் கீ இல்லாதபோதுதான் எழுதும். இருந்தால் கண்டிஷனல் செக் ஃபெயில்டு என்று நிறுத்திவிடும். சிக்னல் விட்டுவிட்டு வரும் தெருக்களில் இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எழுத்து டேபிளில் பதிந்த பிறகு பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தால், பைத்தானிலிருந்து டைனமோடிபியோடு பேச உதவும் போட்டோ3 (boto3) நூலகம் தானாக மறுபடி அனுப்பும். இரண்டாவது முறை நிபந்தனை தோற்கும், ஏனென்றால் நம் ஐட்டம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதனால் அந்தப் பிழை வந்தவுடன் போனில் சிவப்பு எழுத்தைக் காட்டுவதில்லை. அந்தக் கீயை, கடைசியாக எழுதியது வரை காட்டும் கன்சிஸ்டன்ட் ரீட் போட்டு எடுத்து, நாம் அனுப்பியதே என்றால் 'பதிந்தது' என்று காட்டுகிறேன். வேறு விவரம் இருந்தால்தான் எச்சரிக்கை. இது சரியாக நடக்க வேண்டுமானால் சீட்டு எண் அனுப்புவதற்கு முன்பே போனில் உருவாகி, கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டும்.

அடுத்தது எடை. பைத்தானில் 52.35 என்று சாதாரணமாக எழுதினால் அது ஃப்ளோட், அதாவது இரும எண்ணாக வைக்கப்படும் தசம எண். போட்டோ3 அதை வாங்கிக்கொள்ளாது. ஃப்ளோட் ஆகாது, டெசிமல் (தசம இலக்கங்களை அப்படியே வைக்கும் வகை) கொடு என்று திருப்பி அனுப்பிவிடும். எனக்கு அது பிடித்திருந்தது. கணினி இரும எண்ணில் 52.35ஐச் சரியாக வைக்க முடியாது, உள்ளே 52.35000000000000142 என்று வால் நீளும். டைனமோடிபியோ 38 இலக்கம் வரை எண்ணைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும். ஆகவே தராசில் பார்த்ததை எழுத்தாகவே வாங்கி, அந்த எழுத்திலிருந்து டெசிமல் செய்ய வேண்டும். ஃப்ளோட்டாக மாற்றிவிட்டு அப்புறம் டெசிமல் ஆக்கினால் அந்த வாலும் கூடவே வரும். இன்னொன்று: 52.350 என்று கொடுத்தால் கடைசிச் சுழியம் உதிர்ந்து 52.35 என்றுதான் திரும்பும். மதிப்பு மாறவில்லை, ஆனால் மாமாவுக்கு மூன்று தசமம் கண்ணில் பட வேண்டும். காட்டும் இடத்தில் அதைச் சேர்த்துக்கொள்கிறேன்.

தமிழில் பதிபவர்கள் எல்லோரும் கவனிக்க வேண்டிய இடம் இனிதான் வருகிறது. 'கொலுசு' என்பதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். க-வோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியீடாக இடுவது இன்னொரு விதம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஆனால் டைனமோடிபி பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது, அதற்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள். பெயரைக் கீயாக வைத்தால் ஒரே ஆளின் கணக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். தேடும்போது பாதிதான் வரும். அதனால்தான் கீயில் பெயர் வேண்டாம், எண் போதும் என்று முடிவு செய்தேன். மற்ற இடங்களில் வரும் தமிழையும், எழுதும் முன் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதி வழியாக, இந்த இரண்டு விதத்தையும் ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுகிறேன். அதுவும் எல்லாவற்றையும் சரிசெய்யாது. 'சௌந்தரம்' என்ற பெயரில் ஔகாரக் குறியை இடாமல், கொம்பு போட்டு ள எழுத்தைத் தட்டுபவர்கள் நிறையப் பேர். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், ஆனால் என்எஃப்சி அதைத் தொடாது. பெயரைத் தட்டச்சு செய்யவிடாமல் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைப்பதுதான் நல்ல வழி.

தமிழ் எழுத்துக் குறியீடு ஒவ்வொன்றும், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். அட்ரிபியூட்டின் (எடை, கூலி போன்ற ஒவ்வொரு விவரத்தின்) பெயரும் ஐட்டத்தின் அளவில் சேரும். 'சேதாரம்' என்ற பெயருக்கு மட்டும் 21 பைட். ஓர் ஐட்டத்தின் உச்ச வரம்பு 400 கேபி (கிலோபைட்) என்பதால் நமக்குக் கவலையில்லை. எழுதும் கட்டணம் 1 கேபி கணக்கில் ஏறுவதால் நீண்ட குறிப்புகள் எழுதுபவர்கள் மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய நோட்டுகளை ஏற்றுவது தனி வேலை. அத்தை ஒவ்வொரு பக்கமாக வாசிக்க, நான் விரிதாளில் தட்டினேன். மொத்தமாக அனுப்பும் பேட்ச் ரைட் அழைப்பு ஒரு தடவைக்கு 25 ஐட்டம் வரை எடுக்கும். சில ஐட்டங்கள் எழுதப்படாமல் திரும்பி வரலாம். அவற்றை மீண்டும் அனுப்புவது நம் பொறுப்பு. போட்டோ3யின் பேட்ச் ரைட்டர் இந்தப் பிரிப்பையும் மறு அனுப்பலையும் தானே பார்த்துக்கொள்கிறது. ஆனால் பேட்ச்சில் நிபந்தனை வைக்க முடியாது, மேலெழுதல் பயம் திரும்பவும் வந்துவிடும். அதனால் அனுப்பும் முன்பே பைத்தானில் எல்லாக் கீகளையும் திரட்டி, இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். விரிதாளிலிருந்து சிஎஸ்வியாக வரும் எல்லாமே எழுத்துதான் என்பதால், எடையை டெசிமல் ஆக்கிய பிறகே அனுப்பினேன். கீ அல்லாத அட்ரிபியூட்டில் எண்ணுக்குப் பதில் எழுத்து போனாலும் டைனமோடிபி தடுக்காது. பிறகு கூட்டிப் பார்க்கும்போதுதான் அடிவாங்கும்.

ஏற்றியபின் சரிபார்க்க, டேபிள் விவரத்தில் காட்டும் ஐட்டம் எண்ணிக்கையை நம்ப வேண்டாம். அது சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு வேலையாளின் எண்ணுக்கும் குவெரி (தேடல்) ஓட்டி எடையைக் கூட்டி, அத்தை நோட்டின் அடியில் போட்டிருந்த கூட்டுத்தொகையோடு ஒப்பிட்டோம். சலங்கை கோக்கும் அக்கா ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தன் கணக்கை வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "எம்பட பேருல இருக்கறத நானும் பாக்கோணும்ல" என்றார். அப்புறம்தான் ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கு மட்டும் தெரியும் பக்கத்தைச் சேர்த்தேன்.

அனுமதிகளையும் சொல்லிவிடுகிறேன். புட் ஐட்டம் அனுமதி இருந்தாலும் பேட்ச் ரைட்டுக்குத் தனி அனுமதி வேண்டும். பேட்ச் அனுமதியை என் கணினிக்கு மட்டும் கொடுத்து, ஏற்றி முடிந்ததும் எடுத்துவிட்டேன். போன்கள் பேசும் நிரலுக்குப் படிக்கவும் புட் செய்யவும் மட்டுமே உரிமை; அழிக்க உரிமையில்லை. தவறான எடை பதிந்தால் பழைய வரியைத் தொடுவதில்லை. நோட்டில் செய்வதுபோலவே திருத்தத்தைப் புதுச் சீட்டாக எழுதுகிறோம், கழித்தோ கூட்டியோ, காரணத்தோடு. அதற்கு மேல், பழைய நிலையை மீட்கும் பாயிண்ட் இன் டைம் ரெக்கவரி வசதியையும் இயக்கி வைத்திருக்கிறேன். கடந்த 35 நாளில் எந்த நொடிக்கு வேண்டுமானாலும் டேபிளை மீட்டு, புது டேபிளாக எடுத்துக்கொள்ளலாம்.