கொம்பும் அரவும்

போன சிறுபோகத்தில் பரந்தனிலிருந்து ஓர் அக்கா போன் எடுத்தார். "தம்பி, கோணாவிலையும் காணேல்லை, பொன்னகரையும் காணேல்லை. வட்டக்கச்சி, கண்டாவளை எல்லாம் நிக்குது."

கமக்காரர் அமைப்புகள் ஊர்வாரியாக நெற்காணிக் கணக்கு வைக்க, கிளிநொச்சியில் இருந்துகொண்டு நான் எழுதிவரும் சின்னத் திறமூல மென்பொருளின் ஊர்ப் பட்டியலைத்தான் அக்கா சொன்னார். பைதன் மொழியிலும், சாளரமும் பொத்தானும் அமைக்க உதவும் கியூடியிலும் எழுதியது. ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கோப்பு. ஊரின் பெயர்தான் கோப்பின் பெயர். செயலாளர்மாரிடம் இருப்பது பெரும்பாலும் பழைய விண்டோஸ் லப்டொப். நான் பாவிப்பது டெபியன் என்ற லினக்ஸ். அக்காவிடம் இருப்பது கனடாவில் உள்ள தம்பி கொடுத்துவிட்ட பழைய மக்புக். கையில் எது வந்து சேர்ந்ததோ அதுதான் இங்கே கணினி. அதனால் மூன்றிலும் எல்லா வேலையும் நடக்கவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

இரண்டு இரவு தேடினேன். கடைசியில் விடுபட்ட ஊர்களைத் தாளில் எழுதிப் பார்த்தேன்: கோணாவில், பொன்னகர், கிளிநொச்சி. எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ இருந்தது.

எழுத்துக்கு எண் கொடுக்கும் யூனிக்கோடில் 'கோ'வில் வரும் குறியை ஒரே எண்ணாகவும் வைக்கலாம், கொம்பு வேறு அரவு (கால்) வேறாக இரண்டு எண்ணாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்த பெயரை அப்படியே வைத்திருக்கும். பழைய மக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை அதைப் பிரித்துத்தான் எழுதும். என் நிரல் ஒன்றாகக் கொடுத்த குறி, கோப்புறையைத் திரும்ப வாசிக்கும்போது இரண்டாக வந்தது. இப்படி ஓர் ஊரே பட்டியலில் இல்லை என்று நிரல் தாண்டிப் போய்விட்டது. நல்லகாலம், கணக்கு ஒன்றும் அழியவில்லை.

திருத்தம் ஒரே வரி. வாசிக்கும் பெயரையெல்லாம் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவுக்கு மாற்றினால் சரி. ஆனால் இது ஏன் முன்பே பிடிபடவில்லை என்பதுதான் என்னை உறுத்தியது. நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம், பொதுத் திட்டங்களுக்கு மூன்று இயங்குதளங்களிலும் இலவசமாகச் சோதனை ஓட்டித் தருகிறது. மூன்றும் பச்சையாக, பிழையில்லை என்றுதான் இருந்தன. அங்கே உள்ள மக் புதியது; 2017இல் ஹை சியரா என்ற மக் பதிப்போடு வந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு முறை பெயரைப் பிரிப்பதில்லை. அதோடு நான் சோதனைக்கு வைத்திருந்த ஊர் பரந்தன். கொம்பே இல்லாத பெயர். இப்போது கோணாவிலை இரண்டு வடிவத்திலும் சோதனையில் வைத்திருக்கிறேன்.

அச்சு விசயமும் இப்படித்தான். அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் ஒரு தம்பி, வேர்டை இயக்கி அச்சிடும் பகுதி ஒன்றை எழுதி அனுப்பினார். நல்ல வேலை. ஆனால் விண்டோஸில் மட்டும் ஓடும். அக்காவுக்கு அந்தப் பொத்தான் மங்கிப்போய்க் கிடக்கும் என்றால் அதைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தம்பியோடு பேசி, கியூடியே பிடிஎஃப் ஆக்கும்படி இருவரும் சேர்ந்து திரும்ப எழுதினோம். மூன்று கிழமை பிடித்தது. வேர்டைப் போன்ற திறமூல மென்பொருளான லிப்ரேஓபிஸும் ஒருகாலம் தமிழ் எழுத்தை அடுக்க ஒவ்வோர் இயங்குதளத்திலும் வேறு வேறு நிரலை நம்பியிருந்தது; 2017இல் வந்த 5.3 பதிப்பில்தான் எல்லாவற்றுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் ஒன்றே என்று ஆக்கினார்கள். அவ்வளவு பெரிய மென்பொருளில் அதைச் செய்தவர்களை நினைத்தால் எங்கள் மூன்று கிழமை பெரிதில்லை.

புதிய பதிப்பில் எடுத்த தாளை அக்கா வட்சப்பில் படமாக அனுப்பினார். கிளிநொச்சிக்குக் கீழே கோணாவில், பரந்தனுக்குக் கீழே பொன்னகர்.