மாருதி 800 இன்ஜினுக்குப் பிஸ்டன் ரிங்

என் பழைய மாருதி 800 காரின் இன்ஜினைப் பிரித்தபோது, பிஸ்டனைச் சுற்றி மாட்டும் ரிங்கின் விலையை விசாரிப்பதற்கு முன்பே சிலிண்டரின் தேய்மானத்தை அளக்கச் சொன்னேன். இதன் போர், அதாவது சிலிண்டரின் உள்துளை, 68.5 மி.மீ. விட்டம் கொண்டது; அது நீள்வட்டமாகவோ கூம்பாகவோ தேய்ந்திருந்தால், எவ்வளவு உயர்தரமான ரிங்கும் சுவரோடு ஒட்டி நிற்காது. அந்நிலையில் போரைப் பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய அளவு) பிஸ்டனையும் ரிங்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஓவர்சைஸ் ரிங்கின் முனையை ராவிப் பழைய போரிலேயே பொருத்தித் தருவோரும் உண்டு. வளைவு பொருந்தாத அந்த வேலையை நான் ஏற்பதில்லை.

மேல் ரிங்குக்குக் குரோம் பூச்சையே தேர்ந்தெடுத்தேன். சாதாரண வார்ப்பிரும்பு ரிங் சுவரோடு விரைவில் பொருந்திப் படியும் என்றாலும், தூசி மிகுந்த சாலைகளில் குரோமே நீண்ட நாள் உழைக்கும். சிலிண்டர் சுவரிலும் குரோம் பூச்சு இருந்தால் மட்டும் குரோம் ரிங்கைத் தவிர்க்க வேண்டும்.

எந்த ரிங்கானாலும், அதைச் சிலிண்டருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளின் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளால்) அளக்காமல் மாட்டக் கூடாது. போரின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.004 மி.மீ. என்ற பொதுக் கணக்கின்படி, மேல் ரிங்குக்கு ஏறத்தாழ 0.27 மி.மீ. வரும். இடைவெளி மிகவும் குறைந்தால், வெப்பத்தில் விரியும் முனைகள் ஒன்றையொன்று முட்டிச் சுவரைக் கீறிவிடும்.